சூரிய கடிகாரம் வச்சிருக்கிற மியூசியங்களுக்கு தர்மபுரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மியூசியம் பொறுப்பாளர்களே, வணக்கம்.

நான் தர்மபுரி பக்கம் ஒரு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர். கேக்க வந்ததை முதல்லயே கேட்டுடுறேன். உங்ககிட்ட இருக்கிற ஒவ்வொரு சூரிய கடிகாரத்துக்கும் ஆன்லைன் கேட்டலாக்ல தெளிவா ஒரு போட்டோ, அது எந்த அட்சரேகைக்கு செஞ்சது, இப்ப பார்வைக்கு இருக்கா இல்ல ஸ்டோர் ரூம்ல இருக்கா, இந்த மூணையும் போடுங்க.

போன மாசம் நடந்ததுதான் இதை எழுத வைக்குது. என் தம்பி ஐரோப்பாவுல வேலை பாக்கிறான். அங்க ஒரு மியூசியம் வெப்சைட்ல யுனிவர்சல் ரிங் டயல், அதாவது எந்த ஊருக்கும் மாத்தி வச்சுக்கலாம்ங்கிற வளைய வடிவ சூரிய கடிகாரம் ஒண்ணு இருக்குன்னு பாத்துட்டு, பசங்களுக்கு காட்டணும்டா, டிகிரி போட்டிருக்கிற பக்கத்தை கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்புன்னு சொன்னேன். அவனும் ஞாயித்துக்கிழமை அதுவுமா ட்ரெயின் புடிச்சு வேற ஊருக்கு போயி டிக்கெட் எடுத்து உள்ள போயி தேடு தேடுன்னு தேடி கடைசியில கேட்டா, அது ஸ்டோர்ல இருக்கு, முன்னாடியே எழுதி அனுமதி வாங்கியிருக்கணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அனுமதி வாங்கணும்ங்கிறது நியாயந்தான். ஆனா அந்தப் பக்கத்துல பித்தளை, 18ம் நூற்றாண்டு, விட்டம் இத்தனை மில்லிமீட்டர்னு எல்லாம் இருக்கு, பார்வைக்கு இல்லைங்கிற ஒரு வரி மட்டும் இல்ல. போட்டோவும் இல்ல.

ஏன் அந்த ஒண்ணுக்காக இவ்வளவு பாடுன்னா, எங்க ஊருக்கு சரியா வர்றது அது மாதிரி கடிகாரந்தான். ஆக்ஸ்போர்டுக்குன்னு செஞ்சதுல நிழல் போடுற தகடு கிட்டத்தட்ட 52 டிகிரி சாஞ்சிருக்கும், தர்மபுரிக்கு 12 டிகிரிதான் வேணும், அதை அப்படியே இங்க கொண்டு வந்து வச்சா நேரம் தப்பா காட்டும். ரிங் டயல்ல தொங்கவிடுற கொக்கியை 12க்கு நகர்த்தி, நடுவுல இருக்கிற சின்ன ஓட்டையை தேதிக்கு தள்ளி வச்சா போதும், வெளிச்சப் புள்ளி வளையத்துக்குள்ள மணியை காட்டிடும். காம்பஸ் கூட வேணாம். ஜெர்மனி நூரம்பர்க்ல செஞ்ச தந்த சூரிய கடிகாரங்கள்லயும் நிழல் போடுற நூலை மாட்ட அட்சரேகைக்கு தகுந்த மாதிரி தனித்தனி ஓட்டை இருக்கிறது உண்டு. அந்த எண்ணையெல்லாம் கேட்டலாக்ல எழுதாம விட்டா அது எந்த ஊர்ல வேலை செஞ்சதுன்னு பசங்களுக்கு எப்படிங்க சொல்றது?

எங்க ஊர்ல சித்திரை பாதிக்குள்ள சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துடும், அப்புறம் ஆவணி பிறக்கிற வரைக்கும் மத்தியான நிழல் தெக்கால விழும். லண்டன்ல இது நடக்கவே நடக்காது. நம்ம கைக்கடிகாரம் காட்டுற இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகை நேரம், நாங்க இருக்கிறது 78 சொச்சத்துல, அதனாலயே சூரியன் காட்டுற நேரத்துக்கும் அதுக்கும் 17 நிமிஷம் வித்தியாசம் வருது. இதெல்லாம் பசங்க முற்றத்துல குச்சி நட்டு அவங்களே கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறந்தான் 300 வருஷம் முன்னாடி செஞ்ச நிஜ கருவியை பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க.

ஆக்ஸ்போர்டு, சிகாகோ ஆட்லர் கோளரங்கம், கிரீன்விச், ஃப்ளோரன்ஸ் கலிலியோ மியூசியம்னு எங்கெங்கயோ நல்ல சேகரிப்பு இருக்கு, ஆனா எது எங்க இருக்குன்னு ஒரே இடத்துல தேட வழியில்ல. நம்ம நாட்டை சொன்னா இன்னும் கோவம்தான் வருது. ஜெய்ப்பூர்ல 27 மீட்டர் உசரத்துக்கு சாம்ராட் யந்திரம்ங்கிற சூரிய கடிகாரம் நிக்குது, கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் கோயில் மதில்லயே ஒரு கடிகாரம் இருக்கு, இப்படிப்பட்ட நாட்டுல சின்ன மியூசியங்கள் என்ன வச்சிருக்குன்னு வீட்ல இருந்தே பாக்க ஒரு லிஸ்ட் கிடைக்க மாட்டேங்குது. பூட்டி வைக்கிறது மட்டும் பாதுகாப்பு ஆகிடுமா?

மன்னிக்கணும், கொஞ்சம் வேகமா எழுதிட்டேன். திரும்பவும் பணிவா கேக்கிறேன், போட்டோ, அட்சரேகை, பார்வைக்கு உண்டா இல்லையா, இந்த மூணுதான். ஒரேயடியா முடியாதுன்னா ஸ்டோர்ல இருக்கிறதுக்கு மட்டுமாவது இந்த வாரமே குறிச்சு விடுங்க, மத்ததை ஆள் கிடைக்கும்போது போடலாம். போட்டோ பாத்து டிகிரியை படிச்சு எழுதித் தர ஆள் வேணும்னா எங்க பசங்க ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியர், தர்மபுரி