26,000 மரணப் பதிவுகள்

அன்புள்ள ராமலிங்கம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பின் புதிய கண்ணாடி அணிந்து நான் படித்த முதல் எழுத்து உன்னுடையது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உன் முழங்கால் வலி குறைந்ததையும், மகள் முதுகலையில் சமூகவியல் எடுத்திருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. அவளுடைய பாடநூல், சமூகத்தின் உறுப்புகள் சேர்ந்து அதைத் தாங்குகின்றன என்னும் செயற்பாட்டுக் கோட்பாடு, அதிகாரப் போட்டியே சமூகத்தை இயக்குகிறது என்னும் முரண்பாட்டுக் கோட்பாடு, மனிதர் ஒருவரோடொருவர் பழகிப் பொருளை உருவாக்குகிறார்கள் என்னும் குறியீட்டு இடைவினைக் கோட்பாடு என்று மூன்று கட்டங்கள் போட்டுத் தருவதாகவும், அவற்றை மனப்பாடம் செய்ய முடியாமல் அவள் திணறுவதாகவும் எழுதியிருந்தாய். பல ஆண்டுகள் அதே அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அவள் அதைக் கடைசியில் படித்தால் போதும். அந்தக் கட்டங்கள் பின்னாளில் பாடநூல்கள் வகுத்தவை. மார்க்ஸ் தம்மை முரண்பாட்டுக் கோட்பாட்டாளர் என்று ஒருநாளும் அழைத்துக்கொண்டதில்லை.

பிரெஞ்சுப் புரட்சி அரசரையும் திருச்சபையையும் அசைத்துவிட்ட பிறகு, மனிதர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்ற கேள்வி அங்கே தவிர்க்க முடியாததாயிற்று. அதற்கு விடை தேடிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் அகஸ்ட் காம்ட், தம் துறையை முதலில் ‘சமூக இயற்பியல்’ என்றே அழைத்தார். பெல்ஜிய அறிஞர் கெத்லே 1835இல் அதே சொல்லைத் தம் நூலுக்குச் சூட்டிக்கொள்ளவே, காம்ட் ‘சமூகவியல்’ என்ற புதுச்சொல்லைக் கொண்டுவந்தார். பெயர் வைத்தவர் அவர். அதற்கு உயிர் கொடுத்தவர், அடுத்த தலைமுறைகளில் வந்த பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் என்பதே என் எண்ணம்.

பாரிஸில் துர்கைமுடன் படித்த நெருங்கிய நண்பர் விக்டர் ஓமே 1886இல் இறந்தார். இரங்கல் கட்டுரை எழுதியவர் துர்கைம். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1897இல், தற்கொலை பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதற்காக அவருடைய சகோதரியின் மகன் மார்செல் மோஸ், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர், ஏறத்தாழ 26,000 மரணப் பதிவுகளை வயது, பால், மணமானவரா இல்லையா, குழந்தைகள் உண்டா இல்லையா என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார். ஒவ்வொரு பதிவும் ஒரு வீட்டின் துக்கம் என்பதை எண்ணும்போது, அந்த இளைஞர் எவ்வாறு அவற்றைப் புரட்டியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அத்தனை தனித்தனித் துயரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் தற்கொலை மிகுதி, குடும்பமும் குழந்தைகளும் உள்ளவர்களிடம் குறைவு, பொருளாதாரம் சரியும்போது மட்டுமல்ல, திடீரென்று செழிக்கும்போதும் கூடுதல். பழைய வரம்புகள் தளர்ந்து, புதியவை ஊன்றாத அந்த நிலைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் நெறியின்மை என்கிறோம். பிணைப்பு மனிதரைக் காக்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் அந்தப் பிணைப்பே கழுத்தை நெரித்தால் என்ன செய்வது? இங்கேதான் உன் மகள் மார்க்ஸைப் படிக்க வேண்டும். பாரிஸ் காவல்துறை ஆவணக் காப்பாளராக இருந்த பெஷே என்பவரின் நினைவுக் குறிப்புகளிலிருந்து தற்கொலை பற்றிய பகுதிகளை மார்க்ஸ் 1846இலேயே ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அதில் ஒரு தையற்காரரின் மகள் வருகிறாள். நிச்சயிக்கப்பட்ட மணமகன் வீட்டில் இரவு தங்கிவிட்டுக் காலையில் திரும்பியவளைப் பெற்றோர் ஊரார் முன்னிலையில் வசைபாடினர். அவள் சேன் நதியில் விழுந்து உயிர்விட்டாள். துர்கைமின் கணக்கில் குடும்பம் காப்பு. இவளுக்கோ குடும்பமே கொடுங்கோன்மை. அதிகாரம் யார் கையில் என்று கேட்காமல் பிணைப்பைப் புகழக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் கற்பிக்கவில்லை.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் பற்றி விரிவாக இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். செய்பவர் தம் செயலுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள்ளாமல் சமூகத்தை விளக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் மீட் நடத்திய வகுப்புகளிலிருந்து அதே கவலை வேறொரு வழியில் வளர்ந்தது. 1937இல் அவருடைய மாணவர் ஹெர்பர்ட் புளூமர் அதற்குக் குறியீட்டு இடைவினை என்று பெயரிட்டார். அந்த மரபுக்கு நெருங்கிய அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967இல் துர்கைமின் அடித்தளத்தையே தொட்டார். அதிகாரிகள் எழுதிவைத்த காரணங்களைத் துர்கைம் நம்பவில்லை. ஆனால் அவர்கள் எண்ணிய எண்ணிக்கையை நம்பினார். ஒரு மரணத்தைத் தற்கொலை என்று முடிவு செய்வது யார், பழிக்கு அஞ்சிய குடும்பம் அதை விபத்து என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று டக்ளஸ் கேட்டார். அப்படியானால், தற்கொலையைப் பாவமாகக் கருதிய கத்தோலிக்கரிடம் குறைந்திருந்தது தற்கொலையா, அதைப் பதிவதா?

இக்கேள்விக்குப் பின்னும் நான் துர்கைமைக் கைவிடவில்லை. பொங்கல் விடுமுறையில் மகளை இங்கே அனுப்பி வை. என்னிடம் உள்ள பழைய பிரதியில், எண்ணிக்கைகள் வரும் பக்கங்களின் ஓரமெல்லாம் என் பென்சில் குறிப்புகள் உள்ளன. அவற்றில் சிலவற்றையாவது அவள் மறுத்துப் பேச வேண்டும் என்று ஆவலுடன் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சுந்தரம்