அப்பாவுக்கு: சூடேறினால் நின்றுபோகும் ரம்பம் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் போனில் பேசும்போது, வேலை முடிந்து வந்தால் பொழுதை எப்படிப் போக்குகிறாய் என்று அம்மா கேட்டாள். பழைய செயின்சா, அதாவது சங்கிலி ஓடி மரம் அறுக்கிற மிஷின் ரம்பம், வாங்கி ரிப்பேர் பார்க்கிறேன் என்றதும் பதறிப்போனாள். போனில் விளக்கிச் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குப் புரியும். சத்தத்தை வைத்தே இஞ்சினில் எங்கே கோளாறு என்று சொல்கிறவர் நீங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு சந்தேகமும் கேட்கப் போகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வந்த முதல் வருஷம் அந்த இருட்டுதான் என்னை ரொம்பப் படுத்தியது. அறைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் காட்டில் மரம் வெட்டியவர். ஒரு நாள் அவருக்கு விறகு அடுக்கிக் கொடுக்கப் போனபோது, கொட்டகை மூலையில் ஒரு ரம்பம் தூசி மண்டிக் கிடந்தது. இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லையாம். "ஓடாது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது ஹோம்லைட் கம்பெனியின் எக்ஸ்எல்-12. 1963இல் வந்த மாடல். சங்கிலியும் அது ஓடுகிற பட்டையும் இல்லாமல் 12 பவுண்ட், அதாவது ஐந்தரை கிலோதான். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஜெர்மனியில் ஸ்டில் (Stihl) என்ற கம்பெனி 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர் பிடித்தால்தான் அறுக்க முடியும். முப்பத்து சொச்சம் வருஷத்தில் அதை ஒரு ஆள் கையில் தூக்கிப்போகிற பொருளாக ஆக்கிவிட்டார்கள். உடம்பு முழுக்க மெக்னீசிய வார்ப்பு. கையில் எடுத்தபோது, இவ்வளவு பெரிய இஞ்சின் இவ்வளவு லேசா என்றுதான் முதலில் தோன்றியது.

பெரியவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். ஸ்டார்ட் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட வேண்டும். சரசரவென்று கீழே இறங்கிவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்குகிற பலம், போய்விட்டது என்று அர்த்தம். இது கொஞ்சம் இறங்கி நின்றது, பிறகு மெல்ல இறங்கி மறுபடி நின்றது. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் மேல் நெடுக்குவாட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய வரிகள் அப்படியே இருந்தன.

ஆனால் பிளக்கில் கரண்ட் வரவில்லை. உங்களிடம் படித்த பாடம் அங்கேதான் உதவியது. ஃப்ளைவீல் என்கிற சுழல்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே, பொறி வரவேண்டிய நேரத்தில் கரண்ட்டை வெட்டிவிடுகிற பாயிண்ட்டும் அதோடு சேர்ந்த கண்டென்சரும். சின்ன வயதில் உங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு டார்ச் பிடிப்பேனே, அதே பாயிண்ட்தான் அப்பா! கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. சும்மா கிடந்த பாயிண்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும், அதைத் தாண்டிக் கரண்ட் போகாது என்பீர்களே, அது நினைவு வந்தது. உப்புத்தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து, இரண்டு முனைக்கும் நடுவில் விட்டு மெல்ல இழுத்தேன். அப்புறம் அட்டைத்துண்டை விட்டுத் துடைத்தேன். இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு, பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி முடுக்கினேன். விளக்கை அணைத்துக் கயிற்றை இழுத்தால், பிளக் முனையில் நீலமாக ஒரு பொறி. இருட்டில் தனியாக நின்றுகொண்டு இன்னும் நாலைந்து தடவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இந்த ஊர் இருட்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது.

கார்புரேட்டர் வேறு கதை. நம் வண்டியில் இருப்பது போல இதில் மிதவை கிடையாது. மிதவை இருந்தால் ரம்பத்தைச் சாய்த்ததும் பெட்ரோல் இடம் மாறி இஞ்சின் நின்றுவிடும். அதற்குப் பதிலாக டயாப்ரம் என்கிற மெல்லிய சவ்வு வைத்திருக்கிறார்கள். இஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகிற அழுத்தமே ஒரு டயாப்ரத்தைத் துடிக்கவைத்துப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிறது. அதனால் படுக்கவைத்தாலும் கவிழ்த்தாலும் ஓடும். இதில் அந்த டயாப்ரம் காய்ந்த சருகு போல மொடமொடத்துக் கிடந்தது. புதிது வாங்கிப் போட்டேன். பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் தாங்குவதில்லை. அந்தக் காலத்துக் கையேடுகளில் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று போட்டிருக்கும். இன்றைய ஆயில் நன்றாக இருப்பதால் நான் 32க்கு 1 கலக்கிறேன்.

ஏழாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பெரியவர் சத்தம் கேட்டு வேலிப் பக்கம் ஓடிவந்தார். வாயே திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். கொடுத்தேன். ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்காக அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவையாவது வந்துவிடுகிறார். இந்த ஊரில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற முதல் மனிதர் அவர்தான்.

சங்கிலிக்கு அரம் போடவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். உருண்டை அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், பின்னால் இழுக்கும்போது பல்லில் படாமல் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கு, மூன்று தள்ளு என்றால் மூன்றுதான். அறுக்கும்போது பொடியாகக் கொட்டினால் பல் மழுங்கியிருக்கிறது, செதில் செதிலாக விழுந்தால் கூர் சரி. அந்தப் பல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அசந்துபோவீர்கள். ஆரம்பத்தில் சங்கிலிப் பல் கைரம்பத்தின் பல் போலத்தான் இருந்தது, சீக்கிரம் மழுங்கிவிடும். அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946இல் விறகு பிளந்துகொண்டிருந்தபோது, மரத்தைக் குடைகிற ஒரு வண்டின் புழுவைப் பார்த்திருக்கிறார். அது மரத்தின் நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி சுலபமாகக் குடைந்துகொண்டு போகிறது. கூர்ந்து பார்த்தால், தாடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடிக்கிறது. அதேபோல இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றி வளைந்த பல் வைத்துச் சங்கிலி செய்து, 1947இல் போர்ட்லாந்தில் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிற சங்கிலிகளுக்கு அந்தப் பல்தான் மூலம். புழு தின்கிறதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இருந்திருக்கிறது பாருங்கள். எனக்கு இதைவிடப் பிடித்த கதை இந்தத் தொழிலில் இல்லை.

அம்மாவிடம் இதை மட்டும் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பழைய ரம்பங்களில் சங்கிலியைச் சட்டென்று நிறுத்துகிற செயின் பிரேக் கிடையாது. பட்டையின் மூக்கு மேல்பக்கம் எதிலாவது இடித்தால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் மூக்கால் ஒருபோதும் அறுப்பதில்லை. ஹெல்மெட், காதுமூடி, சங்கிலி பட்டால் நார் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிற கால்சட்டை, எல்லாம் மாட்டிய பிறகுதான் கயிற்றைத் தொடுவேன். மரம் சாய்க்கப் போவதே இல்லை. கட்டையை ஸ்டாண்டில் வைத்து நாலைந்து துண்டு போடுவதோடு சரி. அதிர்வும் ஒரு காரணம். பெரியவரின் விரல்கள் குளிர் பட்டால் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து மரத்துப்போகும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைக்காத காலத்து ரம்பத்தை வருஷக்கணக்கில் பிடித்ததன் பலன். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன்.

இப்போது என்னிடம் ஏழு ரம்பம் இருக்கிறது. ஐந்து ஓடுகிறது. ஒன்றை ஓடவைக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டிவரும், புது உதிரி கிடைக்காது. பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்குகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. பிடியில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிகிற இடம், யாரோ ஒருவருடைய கை இத்தனை வருஷம் இருந்த இடம். அதை மூடக் கூடாது. மண்ணெண்ணெய் போட்டுப் பிசுக்கை எடுத்துவிட்டு, உப்புப் பூத்த இடத்தை மட்டும் கம்பிப் பிரஷால் தேய்த்துவிடுவேன்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். ஏழாவது ரம்பம் ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. குளிர்ந்திருக்கும்போது இரண்டே இழுப்பில் பிடிக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி இல்லை. அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடுகிறது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் தளர்த்தி ஓட்டினேன், மாற்றமில்லை. கண்டென்சரை மாற்றியாயிற்று. காயிலை ஆறிய நிலையில் மீட்டர் வைத்து அளந்தால் சரியாகவே காட்டுகிறது. உள்ளே கம்பிச் சுற்று எங்கோ விட்டுப்போய், சூட்டில் விலகி, ஆறினதும் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. பெட்ரோல் வராமல் நிற்கிற இஞ்சின் இழுத்து இழுத்து நிற்கும், கரண்ட் போனால் வெட்டினாற்போல் நிற்கும் என்று சொல்லித் தந்தீர்கள். இது நிற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை தொய்கிறது, பிறகு வெட்டுகிறது.

முழுச் சத்தத்தையும் பதிவு செய்து அக்காவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பதினோராவது நிமிஷத்திலிருந்து கேட்டால் போதும். டிவியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்தத் தொய்வு காயிலா, வேறெதுவுமா என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்வரை காயிலைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்