சரோஜாவுக்கு, அந்தச் சத்து டின் பற்றி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், ஆனால் மருமகள் வாங்கி வந்த சத்து மாவு டின்னைத் தொடர்ந்து வாங்கிக் குடிக்கலாமா என்று நீ கேட்டதற்கு வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் பதில் எழுத மனம் வரவில்லை. இங்கே சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம். நம் தோட்டத்து லயத்து வீடுகளை முழுக்க இடித்துவிட்டார்கள், பிள்ளையார் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே தனியாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன், உன் ஞாபகம்தான்.

சரி, டின்னுக்கு வருகிறேன். 198 வெள்ளி கொடுத்து மருமகள் வாங்கி வந்திருக்கிறாள் என்றால் உன் மேல் அவளுக்கு அக்கறை இருக்கிறது, அதனால் அவளிடம் கோபப்படாதே. ஆனால் என் சின்ன அண்ணனுக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கும் உன்னைப் போலத்தான், பல வருஷமாக இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய், அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறார். யாரோ வீட்டுக்கே கொண்டுவந்து விற்ற சத்து மாவை இரண்டு வருஷம் விடாமல் காலையில் கரைத்துக் குடித்தார், எல்லாச் சத்தும் அதில் இருக்கிறது என்று நம்பி. பாதம் மரத்துப்போனது. இனிப்பு நீர் இருந்தால் அப்படித்தான் என்று அவரும் விட்டுவிட்டார், நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் கடையிலிருந்து திரும்பி வருகிறார், வலது காலில் செருப்பு இல்லை. வாசலில் அண்ணி கேட்ட பிறகுதான் குனிந்து பார்க்கிறார். வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்தவருக்கு அது தெரியவேயில்லை. முப்பது வருஷம் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள் நான், அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதுவிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. அந்த டின்னை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், காய் பழம் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, பி12 என்ற பேச்சே இல்லை.

மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான், இதைப் படித்துவிட்டு நீ நிறுத்திவிடாதே. ஆனால் வருஷக்கணக்கில் போட்டால் உணவிலிருந்து பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அந்தச் சத்து மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான் இருக்கிறது, கீரை காயில் கிடையாது. நீயோ ஆறு வருஷமாகச் சைவம், பாலும் தேநீரில் ஊற்றுவதோடு சரி. எனக்குக் கவலை அங்கேதான், டின் அப்புறம். முதலில் பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். அங்கே எடுக்க வசதி இல்லையென்றால் வெளியே லேபில் கொடுத்தாவது எடுத்துவிடு.

நம் பாட்டிமார் புழுங்கல் அரிசியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்களே, நினைவிருக்கிறதா? இந்த வைட்டமின் கதையில் ஒரு பகுதி நம் நாட்டில், அந்த அரிசிப் பானையில் நடந்ததுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது, கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். தீட்டிய வெள்ளரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நிறைய வந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் ஆட்களுக்கு அநேகமாக வரவில்லை. 1905 கடைசியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநோயாளிகள் விடுதியில் பாதிப் பேருக்கு வெள்ளரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் என்று கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசிப் பக்கம்தான் நோய் வந்தது. பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரண்டு டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடம் அதையே உறுதிசெய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. அதற்கு பி1 என்ற பெயரெல்லாம் பிற்பாடு வந்ததுதான், வைட்டமின் என்ற சொல்லே 1912-இல்தான் பிறந்தது.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வெள்ளரிசிக்காரனுக்குத் தவிடு உயிரைக் கொடுத்தது, ஏற்கெனவே புழுங்கல் சாப்பிட்டவனுக்கு அதே தவிட்டைக் கூடுதலாகக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பல வைட்டமின்களைச் சேர்த்துச் செய்த மல்டிவைட்டமின் மாத்திரையும் அப்படித்தான். அமெரிக்காவில் ஏறக்குறைய 3,90,000 ஆரோக்கியமானவர்களை இருபது வருஷத்துக்கு மேல் கவனித்து 2024-இல் வெளியிட்டார்கள், தினமும் மாத்திரை போட்டவர்களின் ஆயுள் ஒன்றும் கூடவில்லை. ஐம்பது வயது தாண்டிய 14,641 ஆண் டாக்டர்களுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் புற்றுநோய் 8 விழுக்காடு குறைவாக வந்தது, மாரடைப்பில் வித்தியாசமே இல்லை. வயதானவர்களின் ஞாபக சக்திக்குச் சிறிது உதவுகிறது என்றும் அண்மையில் கண்டிருக்கிறார்கள். ஆக விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. உன்னைப் போலச் சைவமாக, சாப்பாடும் குறைந்துபோனவளுக்கு ஒரு மாத்திரை போடலாம் என்றுதான் நான் சொல்வேன், ஆனால் 198 வெள்ளிக்கு வேண்டாம். பி12 குறைவு என்று தெரிந்தால் அதைத் தனியாக, டாக்டர் சொல்லும் அளவில் எடுக்க வேண்டும், கலவை மாத்திரையில் இருக்கும் கொஞ்சம் போதாமல் போகலாம்.

பார்மசியில் முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைப்பதே போதும். பெட்டியில் முதலில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார், எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தோ சில எழுத்துகளோ இருக்கும். அது இல்லாததை பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்றாலும் சரி, சொந்தக்காரர் விற்றாலும் சரி, வாங்காதே. அந்த எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தில் போட்டால் அதே பெயர், அதே கம்பெனி வர வேண்டும், பேரன் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். அப்புறம் பின்பக்கத்து அட்டவணை. ஒவ்வொன்றும் ஒருநாள் தேவைக்குப் பக்கத்தில், 100 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது. ஆயிரம், இரண்டாயிரம் விழுக்காடு என்று போட்டிருந்தால் அதை வாங்காமல் திருப்பி வைத்துவிடு. ஏ வைட்டமின் மிஞ்சினால் ஈரலில் தங்கிக் கெடுக்கும், பி6 அளவு மீறினால் அதுவே கால் நரம்பை மரக்கச் செய்யும். மாதவிலக்கு நின்ற நமக்கு ரத்தசோகை இல்லையென்றால் இரும்புச் சத்து இல்லாததாகவே எடு. சாப்பாட்டுக்குப் பிறகு போடு, சில சத்துகள் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். சுண்ணாம்புச் சத்து மட்டும் எந்த மல்டிவைட்டமின் மாத்திரையிலும் முழுதாக இருக்காது, அவ்வளவும் வைத்தால் விழுங்க முடியாது, அதனால் தயிரையும் முருங்கைக்கீரையையும் விடாதே.

அந்த டின்னை உன் வீட்டுக்காரருக்கும் கலக்கிக் கொடுக்கிறாய் என்று எழுதியிருந்தாய், அதை இன்றே நிறுத்து. அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறார், டின்னில் கே வைட்டமின் இருந்தால் அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும், கிளினிக்கில் காட்டாமல் எதுவும் வேண்டாம். சிகரெட்டை விட்டுவிட்டாரா இல்லையா? பிடிப்பவர்களுக்கு, உடம்பில் ஏ வைட்டமினாக மாறும் பீட்டா கரோட்டினை அதிக அளவில் கொடுத்து பின்லாந்தில் சோதித்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடத்தான் செய்தது, 1994-லேயே வந்த செய்தி இது. பேத்தி முடி கொட்டுகிறதென்று போடும் பயோட்டின் மாத்திரையையும் ரத்தம் எடுக்கும்போது லேபில் சொல்லச் சொல், தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டும்.

ரத்தப் பரிசோதனைக் காகிதம் வந்ததும் படம் எடுத்து போனில் அனுப்பு, எத்தனை மணியானாலும் பார்க்கிறேன். ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் கையால் தடவிப் பார், எங்கேயாவது உணர்ச்சி குறைவாக இருந்தால் காத்திருக்காதே, மறுநாளே கிளினிக்குக்குப் போ. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்கு வருகிறாய் அல்லவா, அந்த டின்னையும் பையில் போட்டுக்கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
லெட்சுமி