அம்மாவுக்கு, உலர்த்தும் பெட்டியைப் பற்றி

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கே அனைவரின் நலமறிய அவா. உங்கள் கடிதம் போன மாதமே வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு முறை படித்துவிட்டு மேசை மேல் வைத்தேன். அதன் மேல் மின்கட்டணச் சீட்டு வந்து உட்கார்ந்தது, அதன் மேல் வேறு காகிதங்கள். நேற்று தக்காளி நறுக்க மேசையை ஒழித்தபோது அடியிலிருந்து உங்கள் கையெழுத்து எட்டிப் பார்த்தது. இனியும் பதில் எழுதாமல் இருந்தால் அது மகாபாவம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

"வேளைக்குச் சாப்பிடுகிறாயா?" என்றுதான் முதல் வரியிலேயே கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே சாப்பிடுகிறேன். கடை சாத்தும் நேரத்தில் போனால், கனிந்துபோன பழங்களையும் காய்களையும் கூடையோடு குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கனிந்ததை வாங்கலாம், பூஞ்சை பிடித்ததைத் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு; தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் உலர்ந்தபின் இனிப்பதுபோல் பளபளப்பான பழம் இனிப்பதில்லை. ஆனால் ஒரு கூடைப் பழத்தைத் தனி ஆளாக எத்தனை நாள் சாப்பிடுவது? இங்குள்ள வெயிலை நம்பி ஒரு கைக்குட்டையைக்கூடக் காயவைக்க முடியாது. ஆகவே, வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடமிருந்து பழைய டிஹைட்ரேட்டர், அதாவது உலர்த்தும் பெட்டி ஒன்றை வாங்கினேன். அடுக்கடுக்காக ஐந்து தட்டுகள், பின்புறம் ஒரு காற்றாடி, ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அவ்வளவுதான் அந்தப் பெட்டி. அது எதையும் வேகவைப்பதில்லை. வெதுவெதுப்பான காற்றை ஓயாமல் ஓட்டி ஈரத்தை வெளியே கொண்டுபோகிறது.

முதல் ஈடு வீணாகிவிட்டது. காய்களுக்கும் பழங்களுக்கும் 57 டிகிரி செல்சியஸ் போதும் என்று தெரிந்திருந்தும், விடிவதற்குள் முடியட்டும் என்று 70க்குத் திருப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் தக்காளி வில்லைகள் மேலே ஓடுபோல் இறுகியிருந்தன. சூடு மிகுந்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து, உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழி அடைத்துவிடுமாம். ஒரு வாரத்தில் பாட்டிலுக்குள் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை. ஒன்றை ஒடித்துப் பார்க்காமல் பாத்திரத்தில் போடாதே என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்!

இப்போது கை பழகிவிட்டது. ஆப்பிளை அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்தால் கறுப்பதில்லை. பீன்ஸையும் கேரட்டையும் சில நிமிடங்கள் ஆவியில் காட்டிய பிறகே தட்டில் பரப்புகிறேன். சன்னல் ஓரத் தொட்டிகளில் வளர்த்த புதினாவுக்கு 35 டிகிரிக்கு மேல் வைத்தால் மணம் போய்விடும். காய்ந்தவற்றைப் பாட்டிலில் முக்கால் பங்குக்கும் குறைவாக நிரப்பி, பத்து நாள் தினமும் குலுக்க வேண்டும்; உள்பக்கம் ஒரு துளி நீர் முத்து தெரிந்தாலும் மறுபடி தட்டுக்கே போக வேண்டியதுதான். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீராம். பத்து கிலோவை நான்கு ஈடாகப் போட்டதில் முக்கால் கிலோகூடத் தேறவில்லை. ஆனால் அந்த வில்லையை விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்தால், சிவப்புக் கண்ணாடியில் விதைகளைப் பதித்ததுபோல் இருக்கிறது.

அந்தத் தக்காளி கீழ்வீட்டுப் பெரியவரின் தோட்டத்தில் விளைந்தது. முகம் கொடுத்துப் பேசமாட்டார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே இறங்கிப் போய்விடுவார். நான் ஒருமுறை வெங்காயம் உலர்த்தியபோது, நெடி தாங்காமல் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு உத்தரத்தை மூன்று முறை இடித்தார். மறுநாள் வாசலில் ஒரு மூட்டை வெங்காயம் இருந்தது, அதன் மேல் ஒரு சீட்டு: "பால்கனியில் வைத்து உலர்த்தவும்." அவருக்குக் கோபமா அன்பா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

குளிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெட்டி ஓடும் இரவுகளில் அறையே இதமாக இருப்பதால் ஹீட்டர் போடுவதில்லை. சிக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள், ஹீட்டர் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. பெட்டியின் இரைச்சலும் பழகிவிட்டது. அது நின்றுபோனால்தான் விழிப்பு வருகிறது. அன்றொரு நாள் அப்படி விழித்து, காய்ந்துவிட்டதா என்று பார்க்க மிளகாய்த் தட்டை இழுத்தேன். சட்டென்று நம் மொட்டை மாடி. நீங்கள் விரித்த பழைய புடவை, காக்கை விரட்டக் கம்போடு நான், தண்ணீர்த் தொட்டி நிழலில் நான் தூங்கிப்போனதை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்த நீங்கள். மிளகாய் நெடிதான் கண்ணில் ஏறியிருக்க வேண்டும். வெகுநேரம் தட்டை உள்ளே தள்ளவே இல்லை.

அது கிடக்கட்டும். அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையை இனியும் தள்ளிப்போட வேண்டாம். பணம் இருபதாம் தேதிக்குள் வந்துவிடும். போன மாதம் குறைந்ததற்கு இந்தப் பெட்டி வாங்கியதுதான் காரணம், வேறொன்றுமில்லை. சுற்றுச்சுவர் விஷயத்தில் சித்தப்பாவோடு தம்பி வாய் கொடுக்காமல் இருக்கட்டும். பத்திரம் உங்கள் பச்சைப் பெட்டியில், அடித்துணிக்குக் கீழே இருக்கிறது. அளப்பவர் வரும் நாளில் மட்டும் அதை வெளியே எடுங்கள். மாடிக் குழாய் ஒழுகுகிறதென்று அப்பா ஏணியில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை மகன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இரண்டு பாட்டில் ஆப்பிள் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று நமக்கு, மற்றொன்று சித்தப்பா வீட்டுக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்