மங்கிய பெயின்ட்டுக்கு வாக்ஸ் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மங்கிப்போன கார் பெயின்ட்டின் மேல் நேரடியாக வாக்ஸ் பூசுவது வீண். வெயிலில் கெட்டுப்போன மேல்படலத்தை முதலில் எடுக்க வேண்டும். ஷாம்பு போட்டுக் கழுவி, வழுவழுப்பான ஷாம்பு நீர் தெளித்து, கிளே பார் எனும் களிமண் போன்ற கட்டியால் ஒட்டிய துகள்களை நீக்கிய பிறகே பாலிஷ்.

ஒரு மூலையில் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் துணியைப் பாருங்கள். வண்டியின் நிறம் ஒட்டினால் அது கிளியர்கோட் (நிறத்தின் மேல் பூசும் நிறமற்ற பாதுகாப்புப் படலம்) இல்லாத பெயின்ட். (வெள்ளை வண்டியில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது.) கிளியர்கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40-50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் மென்மையான பாலிஷ் போதாதபோது மட்டும், அதைவிடக் கடுமையாகத் தேய்க்கும் காம்பவுண்டுக்குப் போகலாம். விளிம்புகளில் படலம் மெலிந்திருக்கும்; பாலிஷ் மெஷின் பிடிப்பவர்கள் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டட்டும். சூடான பானட்டில் தேய்த்தால் காம்பவுண்ட் காய்ந்து திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். செதிலாக உரிந்த கிளியர்கோட்டை எந்தப் பாலிஷும் மீட்காது. அந்தப் பாகத்துக்கு மறுபெயின்ட்தான்.

- ஒரு வாசகர்