கையைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்

ஆசிரியருக்கு,

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2021 முதல் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டரைச் சரியாகப் பயன்படுத்த எங்கள் தெருவில் யாரும் சொல்லித் தந்ததில்லை. விரலைக் குத்தி எடுக்கும் ரத்தத்துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பில் (சோதனைப் பட்டையில்) உள்ள நொதி, ரத்தச் சர்க்கரையோடு வினைபுரியும்போது எழும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. விரலில் ஒட்டிய சர்க்கரையும் அதற்கு ஒன்றுதான். ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப்பும் கெட்டுவிடும்.

மாம்பழம் நறுக்கிய கையோடு அம்மா பார்த்தபோது 312 காட்டியது. பதறிப்போய், சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி பார்த்தால் 148! இன்சுலின் போடுபவர் முதல் எண்ணை நம்பி அளவைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களே கை கழுவுவதையும், ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுவதையும் வீட்டில் ஒருமுறை செய்து காட்ட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், திண்டுக்கல்