குளத்துக்கு மேலே உள்ள காடு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதிரை மரக் குற்றிகளுடன் உழவு இயந்திரம் ஒன்று பிடிபட்டதாகத் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். சாரதி கைதானார், மரம் யாருக்குப் போனது என்பது வழமைபோல் தெரியவில்லை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வன கட்டளைச் சட்டம் முதல் நம்மிடம் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வன்னியில் வெட்டப்படும் மரத்தை வெறும் பலகைக் கணக்காகவே பார்க்கிறோம். அது குளத்தின் கணக்கு. ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டும் வாடைக்காற்று மழையைத்தான் நமது குளங்கள் ஆண்டு முழுவதற்கும் தேக்கி வைக்கின்றன. குளத்துக்கு மழைநீர் வடிந்து வரும் நீரேந்து பகுதியில் பாலையும் வீரையும் முதிரையும் நின்றால் மழை மண்ணில் ஊறி மெல்ல வரும். மரம் போனால் வெள்ளம் மண்ணையும் அள்ளிக்கொண்டே வரும். குளம் தூர்ந்த பின் அணைக்கட்டை உயர்த்துவதில் என்ன பயன்?

எங்கள் ஊர்ச் சிறுகுளத்தில் நான் சிறுவனாக இருந்தபோது ஆவணியிலும் மாடுகள் இறங்கிக் குளிக்கும். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தின் பின் அதன் மேற்புறக் காடு வீட்டுக் கூரைக்கும் (அதில் குறை சொல்ல மாட்டேன்), பிறகு கிரவல் மண் அகழ்வதற்கும் மர விற்பனைக்குமாக அழிந்தது. இப்போது ஆனியிலேயே அடிமண் வெடிக்கிறது. பாலைப்பழம் பொறுக்கிய இடத்தில் ஈச்சம்பற்றைதான் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு சிறுகுளத்தின் நீரேந்து எல்லையையும் கமக்காரர் அமைப்பும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் சேர்ந்து அளந்து எல்லைக்கல் நாட்ட வேண்டும். அதற்குள் மரம் வெட்டவோ கிரவல் அகழவோ அனுமதி கொடுப்பதற்கு முன் அந்தக் குளத்துக் கமக்காரரின் சம்மதம் எழுத்தில் பெறப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரர்,
ஒட்டுசுட்டான்.